நாய்க்கு ஆறிக்கிட்டு வருது, எனக்குத்தான் ஆற மாட்டேங்குது

பூக்கல்காரன்

வணக்கம். ஆத்தங்குடி பக்கம் சின்னதா ஒரு பூக்கல் பட்டறை வச்சிருக்கேன், வீட்டுத் தரையில பதிக்கிற பூப்போட்ட கல்லு. நான், வீட்டுக்காரம்மா, வேலைக்கு ரெண்டு பேரு, பள்ளிக்கூடம் லீவுன்னா 9 வயசு மக. இவங்க கூட செவலை. நாட்டு நாய்தான், 3 வயசு. பேருக்கேத்த நிறம், எங்க ஊரு மண்ணுல படுத்தா எது மண்ணு எது நாயின்னு தெரியாது.

கல் போடுறது தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிர்றேன், அப்பத்தான் நடந்தது புரியும். கண்ணாடிப் பலகை மேல இரும்புச் சட்டத்தை வச்சு, உள்ள பூ அச்சை இறக்கி, கலர் கலந்த சிமெண்டுப் பாலை ஊத்துவோம். அச்சைத் தூக்கிட்டு வறட்டுக் கலவை, அதுக்கு மேல ஈரக் கலவை, கரண்டியால இழுத்து மட்டம். காய விட்டு, தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு எடுப்போம். சூளை கிடையாது. கண்ணாடியில படிஞ்சு கிடந்த பக்கம்தான் கல்லுக்கு முகம், அந்தப் பளபளப்பு கண்ணாடி குடுத்தது. அதனால பட்டறையில எங்க பார்த்தாலும் கண்ணாடிதான். உடையும். உடைஞ்சதை சாக்குல கட்டி பின் சுவத்தோரம் வச்சிருப்போம், எடைக்குப் போடுற வரைக்கும்.

போன வெள்ளிக்கிழமை சாயந்திரம். நுங்கு சீசன். மக நுங்கு வண்டி ஓட்டிக்கிட்டு முன்னால ஓட, செவலை பின்னால விரட்ட, ஒரே கூத்து. நானும் வேலை முடிச்சு கையைக் கழுவிட்டு வந்து, தின்னு போட்ட நுங்குக் கூடு ஒண்ணைத் தூக்கி எறிஞ்சேன். எறிஞ்சது எந்தப் பக்கம்? பின் சுவர் பக்கம். அதை இதோட நூறு தடவை மனசுக்குள்ள எறிஞ்சு பார்த்துட்டேன்.

பாய்ஞ்சு போச்சு, கவ்வுச்சு, திரும்புச்சு, ஓடி வந்துச்சு. கத்தவே இல்ல. வாயில கூட்டோட வந்து என் முன்னால வாலை ஆட்டிக்கிட்டு நிக்குது. கீழ பார்த்தா பட்டறைத் தரை. நாங்க போட்ட கல்லுதான், சிவப்புப் பூ. எது பூ, எது ரத்தம்னு எனக்கு உடனே தெரியல. குனிஞ்சு விரலை வச்சேன், ஒட்டுச்சு. முன்னங்கால் வலது பாதத்துல, அடியில பெரிய மெத்தை இருக்குல்ல, அதுல ஒரு அங்குலத்துக்கு வெட்டு.

துண்டை வச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வண்டியில நடுவுல உக்கார வச்சு காரைக்குடி டாக்டர்கிட்ட ஓடினோம். அவரு கழுவி, லைட் அடிச்சுப் பார்த்து, உள்ள சில்லு எதுவும் இல்ல, தையல் வேண்டாம், ஆழமில்லைன்னாரு. கட்டுப் போட்டு, 5 நாளைக்கு மாத்திரை குடுத்து, 10 நாள் ஓட விடாதீங்கன்னாரு. "விளையாட்டுல வர்ற காயம், பயப்படாதீங்க"ன்னு தோளைத் தட்டி அனுப்பினாரு.

இது முடிஞ்சு 4 நாள் ஆச்சு. நாயி கஞ்சி குடிக்குது, தூங்குது, காக்காயைப் பார்த்துக் குரைக்குது. எனக்குத்தான் முடியல. ராத்திரி 1 மணிக்கு எந்திரிச்சு செல்போன் லைட்டை அடிச்சு கட்டைப் பார்க்கறேன். 3 மணிக்கு மறுபடி. மோந்து பார்க்கறேன். மூச்சு விடுதான்னு கையை வைக்கறேன், அது முழிச்சுக்கிட்டு வாலை ஆட்டுது, அதோட தூக்கமும் போச்சு. நேத்து வீட்டுக்காரம்மா சொல்லுது: "நாயி தூங்குது, நீங்கதான் முனகுறீங்க." பகல்ல கலர் ஊத்துறப்போ கை நடுங்கி ரெண்டு கல்லு பூ கலைஞ்சு போச்சு.

ஏன்னு எனக்கே தெரியும். இதுக்கு முன்னால கருப்பன்னு ஒருத்தன் இருந்தான். 6 வருசம் முன்னாடி வேற நாயி கடிச்சு தொடையில சின்னக் காயம். தானா ஆறிரும்னு விட்டேன். உள்ள புழு வச்சு, நான் கவனிக்கிறப்போ நேரம் கடந்து போச்சு. அதை இப்ப விலாவாரியா எழுத வேண்டாம்.

கேட்க வந்தது இதுதான். காயம் சின்னது, டாக்டரும் சொல்லிட்டாரு, அப்படியும் மனசு அடங்க மாட்டேங்குதே, நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க? மறுபடியும் அதை விளையாட விட எனக்கு தைரியம் வருமா?

---

தேவகோட்டை ஆச்சி

தம்பி, முதல்ல ஒண்ணு. எறிஞ்ச கையைத் திட்டாதீங்க. எங்க வீட்டுல ராஜபாளையம் ஒண்ணு இருக்கு, வெள்ளை, 7 வயசு. வளவுல, அதான் வீட்டு உள் முற்றத்துல, பந்தைத் துரத்தி வந்து, உங்க ஊரு கல்லுதான், வழுக்கி, தேக்குத் தூண்ல மோதி ஒரு வாரம் நொண்டுச்சு. எங்க அப்பச்சி கட்டுன வீடு. அந்தக் கல்லையும் தூணையும் பேத்து எடுக்கவா முடியும்? பட்டாலையில, அதான் கூடத்துல, கோரைப்பாயை விரிச்சுப் போட்டேன், அவ்வளவுதான். இப்ப வர்ற விருந்தாளி எல்லாம் "ஏன் ஆச்சி இவ்வளவு அழகான தரையைப் பாய் போட்டு மூடி வச்சிருக்கீங்க"ங்கறாக. நாய்க்குன்னா சிரிக்கிறாக.

உங்க ராத்திரிக் கதைக்கு வர்றேன். நானும் அப்படித்தான் இருந்தேன். வீட்டுல ஆளில்ல, பிள்ளைக எல்லாம் வெளிநாடு, நானும் நாயும்தான். அது லேசா செருமுனாலும் எனக்கு நெஞ்சு அடிக்கும். அப்ப எனக்குக் கை குடுத்தது ஒரு கணக்கு நோட்டு. சிரிக்காதீக. எங்க ஐயா பர்மாவுல பெட்டியடியில உக்காந்து கணக்கு எழுதி மேல வந்தவுக. ராத்திரி கணக்கு நேராகாம படுக்க மாட்டாக, நேரானதுக்கு அப்புறம் அதைப் பத்தி நினைக்கவும் மாட்டாகன்னு ஆத்தா சொல்லும். எனக்கு அந்த ரெண்டாவது பாதிதான் பிடிச்சுது.

ஒரு நாளைக்கு மூணே தடவை. காலையில, மதியம், ராத்திரி படுக்கறதுக்கு முன்னால. ஒரு பக்கத்துல நாலு கோடு. என்ன தின்னுச்சு, எப்படி நடந்துச்சு, கட்டு எப்படி இருக்கு, மூச்சு எத்தனை. மூச்சை எண்ணுறதுக்கு அது நல்லா தூங்கறப்போ தூரத்துல இருந்து விலா ஏறி இறங்குறதைப் பாருங்க, கையை வைக்காதீக. ஏறி இறங்குனா ஒண்ணு. அரை நிமிசம் எண்ணி ரெண்டால பெருக்குங்க. தூங்குற நாய்க்கு நிமிசத்துக்கு 30-க்குக் கீழ இருந்தா நிம்மதியா மூடி வைக்கலாம். எங்க வீட்டுது 18, 20-தான் வரும்.

எழுதி முடிச்சா நோட்டை மூடணும். அடுத்த நேரம் வர்ற வரைக்கும் பார்க்கக் கூடாது. முதல் ரெண்டு ராத்திரி கை அரிக்கும். 1 மணிக்கு எந்திரிச்சா நாயைப் பார்க்காம நோட்டைப் பாருங்க. "ராத்திரி 9.30, கஞ்சி முழுசா, நாலு காலும் ஊனி நடந்துச்சு, கட்டு காஞ்சு இருக்கு, மூச்சு 19." உங்க கையெழுத்துல இருக்கறதை உங்களாலேயே மறுக்க முடியாதுல்ல.

---

ஊசிப்பெட்டி

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடு, ஆடு, நாய் என்று முப்பது வருடம் கிராமம் கிராமமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன்.

தம்பி, நீங்கள் செய்த எல்லாமே சரி. அழுத்திப் பிடித்தீர்கள், கூட்டிப் போனீர்கள். பாதம் வெட்டுப்பட்டால் ரத்தம் பார்க்கப் பயங்கரமாகத்தான் இருக்கும். அந்த மெத்தைக்குள் ரத்தக்குழாய் ஏராளம். அடுத்தவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன்: சுத்தமான துணியை வைத்து 5 முதல் 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கித் தூக்கிப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி கொட்டும். 15 நிமிடம் கழித்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவர்தான். காயத்தில் மஞ்சளையும் காப்பித்தூளையும் அப்பிக்கொண்டு வருவார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே அதைக் கழுவ அரை மணி நேரம் ஆகும். கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டருக்குத் தட்டையாக ஒரு டீஸ்பூன் உப்பு, அது போதும் கழுவ.

பாதம் மெதுவாகத்தான் ஆறும். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் வெட்டின் வாய் விரிகிறது. ஆழமில்லாத வெட்டுக்கே 1 முதல் 2 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள் இன்னும் மூடவில்லையே என்று நீங்கள் பயந்தால், அது காயத்தின் தவறல்ல.

கட்டுதான் கவனிக்க வேண்டிய விஷயம். கட்டிலிருந்து வெளியே தெரிகிற நடு விரல் இரண்டையும் பாருங்கள். நகங்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகி விரிந்திருந்தால், விரல் வீங்கியிருந்தால், தொட்டால் சில்லென்று இருந்தால் கட்டு இறுக்கம், உடனே அவிழ்க்க வேண்டும். நனைந்தால் மாற்ற வேண்டும். வெளியே போகும்போது மட்டும் பிளாஸ்டிக் உறை மாட்டலாம், உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பாதம் வேர்த்து ஊறிப்போகும். நாய்க்கு வேர்ப்பது பாதத்தில்தான். நக்க விடாதீர்கள். நாய் நக்கினால் ஆறும் என்பது நம் ஊர்ப் பேச்சு, நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்ட நாய்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கழுத்தில் மாட்டுகிற கூம்பு கிடைக்கும்.

புழு பற்றி நீங்கள் பயப்படுவது நியாயமான பயம். ஈ முட்டை வைத்தால் ஒரு நாளுக்குள்ளேயே பொரிந்துவிடும், அதிலும் இந்த மாம்பழக் காலத்தில். ஆனால் அது திறந்து கிடக்கிற, ஈரமான, யாரும் பார்க்காத காயத்தில் நடப்பது. கழுவி, மூடி, தினமும் பார்க்கப்படுகிற காயத்தில் அதற்கு வழியில்லை. கருப்பனுக்கு இல்லாமல் போனது இந்தப் பார்வைதான், செவலைக்கு அது இருக்கிறது. ஆனாலும் ஒரு நாளைக்கு ஒரு முறை பார்வை போதும் தம்பி, ராத்திரி 3 மணிக்கு ஈ பறக்காது.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், புரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். மனிதர் மாத்திரையால் கல்லீரலும் குடலும் கெட்டு வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். காயம் சின்னதாகத்தான் இருந்தது, மாத்திரைதான் பெரிதாகிவிட்டது. அதேபோல் வலியில் சொந்த நாயும் கடிக்கும், கட்டு மாற்றும்போது பிள்ளையை முகத்துப் பக்கம் விடாதீர்கள்.

எப்போது மறுபடி மருத்துவர்? காலை ஊனவே மறுத்தால், கெட்ட வாடை வந்தால், சீழ், வீக்கம், கட்டில் புது ரத்தம், இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிடாவிட்டால், ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால். நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரணம், நம் கணக்கில் பார்த்துக் காய்ச்சல் என்று ஓடி வருபவர்கள் நிறைய.

---

சும்மா ஒரு ஆள்

ஒரு நாட்டு நாய்க்கு இவ்வளவா? எங்க தெருவுல அது பாட்டுக்கு அடிபட்டு அது பாட்டுக்கு ஆறிக்குது.

---

கொத்தமங்கலம் பொண்ணு

ஆறாததுகளை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க, ஏன்னா அதுக தெருவுல இருக்காது. அதோட விடுறேன்.

பூக்கல்காரண்ணே, நான் இப்ப சென்னையில இருக்கேன், கொத்தமங்கலம்தான் ஊரு. பிளாட்டுல ஒரு சிப்பிப்பாறை வேட்டை நாய். சிப்பிப்பாறையை பிளாட்டுல வச்சிருக்கறதுக்கு ஏற்கெனவே எல்லார்கிட்டயும் திட்டு வாங்கிட்டேன், நீங்க ஆரம்பிக்காதீங்க. தினமும் ரெண்டு வேளை கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன்.

போன வருசம் மணல்ல வேகமா திரும்புனப்போ முன்னங்கால்ல, உள்பக்கம் மேல தனியா தொங்குமே அந்தக் கட்டை நகம், அது வலையில மாட்டி பாதி பிய்ஞ்சு போச்சு. சின்ன விஷயம்தான். டாக்டர் மிச்சத்தை வெட்டி எடுத்துட்டு 10 நிமிசத்துல அனுப்பிட்டாங்க. நான் 2 வாரம் ஆபீஸ்ல வேலை பார்க்கல. கம்ப்யூட்டர்ல ஒரு ஜன்னல்ல எக்செல், இன்னொண்ணுல "நாய் நகம் எலும்பு தொற்று". தேடத் தேட அது புத்துநோய் வரைக்கும் கூட்டிட்டுப் போகும், திரும்பக் கொண்டு வந்து விடாது. ராத்திரி போட்டோ எடுத்து நாலு குரூப்ல போடுவேன். ஒருத்தர் நல்லா இருக்குன்னா நம்ப மாட்டேன், ஒருத்தர் "கொஞ்சம் சிவப்பா இருக்கே"ன்னா அதை மட்டும் நம்புவேன்.

என்னை நிறுத்துனது கட்டு மாத்தப் போனப்போ டாக்டர்கிட்ட கேட்ட ஒரே கேள்வி. "நல்லாயிருமா"ன்னு கேட்கறதுக்குப் பதிலா, "என்ன பார்த்தா நான் உங்களுக்குப் போன் பண்ணணும்?"னு கேட்டேன். அவங்க மூணு சொன்னாங்க, மருந்துச் சீட்டு பின்னாலயே எழுதி வாங்கிட்டேன். அந்தச் சீட்டு பிரிட்ஜ் கதவுல. பயம் வர்றப்போ போய் நின்னு படிப்பேன். மூணுல ஒண்ணு இருந்தா போன், இல்லைன்னா பிரிட்ஜைத் திறந்து மோர் குடிச்சிட்டு வந்து உக்காருவேன். பயம் போச்சான்னா இல்ல. ஆனா அதுக்கு வேலை இல்லாமப் போச்சு.

இன்னொரு கதை சொல்லியே ஆகணும். காயம் முழுசா ஆறி ஒரு வாரம் கழிச்சு மறுபடி நொண்ட ஆரம்பிச்சான். பதறிப் போய் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் அமுக்கி, மடக்கி, நீட்டிப் பார்த்துட்டு, "வீட்டுக்குப் போய் இவனுக்குத் தெரியாம ஒளிஞ்சு நின்னு பாருங்க"ன்னாங்க. பார்த்தேன். ஹால்ல யாரும் இல்லைன்னா துள்ளி சோபாவுல ஏறுறான். நான் வந்தா நொண்டுறான், அதுவும் ஒரு நாள் இடது கால், ஒரு நாள் வலது கால். நொண்டுனா பிஸ்கட்டும் மடியும் கிடைக்கும்னு நான்தான் பாடம் எடுத்திருக்கேன். உங்க செவலையும் ராத்திரி நீங்க வந்து தடவுறதுக்காகவே முழிச்சிருக்கானோ என்னவோ, எதுக்கும் பார்த்துக்கோங்க.

---

பூக்கல்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஆச்சி, நோட்டு போட்டாச்சு. பழைய ஆர்டர் நோட்டுல பின்பக்கம். மூச்சு எண்ணுற வேலையை மக எடுத்துக்கிச்சு. 22ன்னு எழுதிட்டு பக்கத்துல ஒரு நாயும் வரைஞ்சு வச்சிருக்கு. நேத்து ராத்திரி ஒரு தடவைதான் எந்திரிச்சேன். நோட்டைப் பார்த்தேன். அப்புறம் நாயையும் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. ஆனா லைட் அடிக்கல.

செவலை ஆம்பளையா பொம்பளையான்னு நான் எழுதவே இல்ல, தங்கச்சி. பொட்டைதான். நடிப்புக்குக் குறைச்சல் இல்ல. கட்டுக் காலைத் தூக்கி வச்சுக்கிட்டு என் வீட்டுக்காரம்மாகிட்ட பால் வாங்கிக் குடிக்குது, என்கிட்ட வர்றப்போ ஊனி நடக்குது. எங்க வீட்டுல இளகுன மனசு யாருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு.

கண்ணாடி சாக்கு போயிருச்சு. அன்னைக்கே எடைக்குப் போட்டுட்டேன். இனிமே உடைஞ்சது எல்லாம் மூடி போட்ட தகர டின்னுல, டின் கதவுக்கு வெளிய. பின் சுவத்தோரம் காந்தத்தையும் ஈரத் துணியையும் வச்சு ரெண்டு தடவை துடைச்சேன். காந்தத்துல கண்ணாடி ஒட்டாதுன்னு பாதி வேலையிலதான் ஞாபகம் வந்துச்சு. அதான் என் நிலைமை. ஆனா ஈரத் துணியில ஒட்டி வந்துச்சு, நகக்கண்ணு அளவுல 4 சில்லு. அதைப் பார்த்ததும் வயிறு கலங்குச்சு, அதே சமயம் என்னவோ லேசாவும் ஆச்சு. கையில எடுத்து எண்ண முடிஞ்சது இல்லையா.

ஊசிப்பெட்டி ஐயா, ஒரு சந்தேகம். பட்டறைன்னா ஈரச் சிமெண்டு இல்லாம இருக்காது. இவ அந்தக் கலவைக் குவியல்ல போய்ப் படுக்கற ஆளு. கட்டு பிரிச்சதுக்கு அப்புறம் அந்தப் பாதத்துல சிமெண்டு பட்டா என்ன ஆகும்? எங்களுக்கே விரல் இடுக்குல வெடிக்கும்.

---

ஊசிப்பெட்டி

நல்ல கேள்வி. உங்கள் விரல் ஏன் வெடிக்கிறதோ அதேதான். ஈரச் சிமெண்டு சுண்ணாம்பு மாதிரி காரம், தோலை அரிக்கும். பட்ட உடனே எரியாது, மெதுவாக வேலை செய்யும், அதனால்தான் ஆபத்து. புதிதாக மூடிய தோல் இளஞ்சிவப்பாக, மெல்லிசாக இருக்கும், அதற்கு இன்னும் மோசம். பட்டால் குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் நிறைய நேரம், குறைந்தது 10, 15 நிமிடம் கழுவுங்கள். எலுமிச்சை, வினிகர் என்று எதையும் ஊற்றி முறிக்கப் பார்க்காதீர்கள். கழுவாமல் நக்க விட்டால் வாயும் புண்ணாகும்.

அதைவிட, கலவை நடக்கிற நேரத்தில் அவளைத் திண்ணைப் பக்கம் கட்டிவையுங்கள். காய்ந்த மணல் குவியல் ஒன்றை வேப்பமரத்தடியில் அவளுக்கென்று போட்டுக் கொடுங்கள். நாய்க்கு மணல்தான் வேண்டும், உங்கள் மணலே வேண்டும் என்று அடம் பிடிக்காது.

விளையாட்டுக்குத் திரும்புவது பற்றி யாரும் பதில் சொல்லவில்லை என்று இப்போதுதான் கவனித்தேன். கட்டு பிரித்த அன்றே எறியாதீர்கள். முதல் மூன்று நாள் கயிற்றில் பிடித்து மண் பாதையில் நடை, 10 நிமிடம், கூடக் கூட. வெயில் ஏறிய பிறகு தார் ரோடு வேண்டாம். உங்கள் புறங்கையைத் தரையில் வைத்து 7 நொடி பொறுக்க முடியவில்லை என்றால் அந்தத் தரை அவளுக்கும் ஆகாது. நடந்த பின் பாதத்தைப் பாருங்கள், மூடிய இடம் பிளக்கவில்லை என்றால் அடுத்த நாள் கொஞ்சம் வேகம். எறிவது கடைசி. அதுவும் நேராக உருட்டிவிடுங்கள், சட்டென்று திரும்ப வைக்கிற மாதிரி உயரத் தூக்கி எறிய வேண்டாம்.

---

தேவகோட்டை ஆச்சி

வருசத்து வெறிநோய்த் தடுப்பூசி போட்டாச்சான்னு நோட்டுல ஒரு வரி சேர்த்துக்கங்க தம்பி. போட்ட தேதி, அடுத்த தேதி. பட்டறைன்னா தெரு நாய்க வந்து போற இடம்.

அந்த மக வரைஞ்ச நாயைக் கிழிச்சிராதீக.

---

பூக்கல்காரன்

17ஆம் நாள். தடுப்பூசி போட்டிருக்கு ஆச்சி, தை மாசம். தேதி எழுதியாச்சு.

கட்டு 11ஆம் நாள் பிரிச்சாரு. வெட்டு இருந்த இடத்துல ஒரு கோடு, உரிச்ச வெள்ளரிக்காய் மாதிரி வெளிறிப் போய், சுத்தி இருக்கற கறுப்புல தனியா தெரியுது. விரலை வச்சுப் பார்த்தேன், வழுவழுன்னு இருக்கு. மத்த இடமெல்லாம் சொரசொர. கண்ணாடிப் பக்கம் மாதிரி, மறுபக்கம் மாதிரின்னு வாயில வந்துச்சு, வீட்டுக்காரம்மா "நாயையும் கல்லாப் பார்க்க ஆரம்பிச்சாச்சா"ன்னுச்சு.

மணல் குவியல் வேப்பமரத்தடியில போட்டேன் ஐயா. ரெண்டு நாள் திரும்பிக்கூடப் பார்க்கல. மூணாம் நாள் நான் அதுல உக்காந்தேன், வந்து பக்கத்துல குழி பறிச்சுப் படுத்துக்கிச்சு. இப்ப அது அவ இடம், என்னை உக்கார விடறதில்ல.

கயிறு பிடிச்சு ஊருணி வரைக்கும் காலையில நடை. நேத்து சாயந்திரம் முன் வாசல்ல, பின் சுவத்துக்கு நேர் எதிர்ப் பக்கம், நுங்குக் கூடு ஒண்ணை உருட்டிவிட்டேன். கை விட மாட்டேன்னுச்சு, உண்மையிலேயே விரல் அதை விட மாட்டேன்னுச்சு. மக பார்த்துக்கிட்டே நிக்குது, செவலை ரெண்டு முன்னங்காலையும் மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு தயாரா நிக்குது. உருட்டினேன். போச்சு, கவ்வுச்சு, வந்துச்சு. பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். ரெண்டாம் தடவை உருட்டினேன். பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். மூணாவது நான் குனியறதுக்குள்ள காலை வெடுக்குனு இழுத்துக்கிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துச்சு.

"அப்பா, நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்"னு மக கூட்டைப் பிடுங்கிக்கிச்சு.

உள்ள போயிட்டேன். ஒரு வீட்டுக்காரவுக வளவுக்கு 400 கல்லு கேட்டிருந்தாக, பச்சையும் மஞ்சளும். கண்ணாடியைத் துடைச்சு, சட்டத்தை வச்சு, பச்சையை ஊத்தினேன். வெளிய ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அச்சைத் தூக்கறப்போ பூ கலையல.